பின்னற்சொல் வரலாறு: நாகர்கோவில், பெங்களூர், திருப்பூர்

1. முன்னுரை

ஆடைத் தொழில் பற்றிய தமிழ்ச் சொற்களுள் நெசவுக்குரியவை மிகுதி. தறி, பாவு, ஊடை, நாடா, விழுது, அச்சு எனத் தறியின் ஒவ்வோர் உறுப்பும் நெசவாளர் வழக்கில் தனிப்பெயர் பெற்றுள்ளது. இரண்டு ஊசிகளைக் கொண்டு கம்பளி நூலால் சால்வை, கழுத்துத்துணி, காலுறை முதலியன பின்னும் தொழிலுக்கோ 'பின்னல்' என்னும் பொதுச்சொல் ஒன்றைத் தவிர நிலைபெற்ற கலைச்சொற்கள் மிகச் சில. இத்தொழில் தென்னிந்தியாவில் கால்கொண்டு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. பெங்களூர், உதகமண்டலம் போன்ற குளிர்ச்சி மிக்க ஊர்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் ஸ்வெட்டர் பின்னத் தெரிந்த பெண்கள் இல்லாத தெரு ஒரு காலத்தில் அரிது. இவ்வளவு காலம் கைகளில் பயின்ற ஒரு தொழில், எழுத்துத் தமிழில் தனக்கெனச் சொற்களைப் பெறாமற் போனது ஏன் என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. விடை தொழிலின் தன்மையில் ஒரு பாதியும், அது கற்பிக்கப்பட்ட முறையில் மறு பாதியுமாக அமைந்துள்ளது.

2. நெய்தலும் பின்னுதலும்

நெசவில் பாவு, ஊடை என இரு நூல் வரிசைகள் ஒன்றையொன்று குறுக்காகக் கடக்கின்றன. ஊசிப்பின்னலில் ஒரே நூல் தொடர்ந்து வளையங்களாக வளைந்து, ஒவ்வொரு வளையமும் முந்தைய வரிசையின் வளையத்தினூடே இழுக்கப்படுகிறது. நெய்த துணி எளிதில் நீளாது. பின்னிய துணி நீண்டு சுருங்கும். காலின் வளைவுக்கு ஏற்பக் காலுறை படிவதற்கு இதுவே காரணம்.

இவ்வேறுபாட்டை மொழிகள் ஒரே வகையாகப் பிரிப்பதில்லை. இந்தியில் 'புன்னா' என்னும் வினை நெய்தலையும் பின்னுதலையும் ஒருங்கே குறிக்கும். தமிழும் கன்னடமும் நெசவைத் தனியே பிரிக்கின்றன: தமிழில் நெய், பின்னு, கன்னடத்தில் நேய், ஹெணெ. ஆயின் தமிழ் 'பின்னு' கூந்தல், கூடை, பாய், வலை, நாற்காலிப் பிரம்பு, கம்பளி நூல் ஆகிய அனைத்துக்கும் பொது. கோலாட்டத்தில் கயிறுகளைக் கோத்து ஆடுவதும் 'பின்னல்' எனப்படும். கதையும் பின்னப்படும், கன்னடத்திலும் கதையை 'ஹெணெ'யலாம்.

கன்னட 'ஹெணெ' தமிழ் 'பின்னு' என்பதன் இனச்சொல்லாக மேலோட்டமாகத் தோன்றலாம். அதன் உண்மையான இணை தமிழ் 'பிணை' ஆகும். அடுத்த அசையில் அகர உயிர் வந்த தொல்திராவிடச் சொற்களில் தமிழில் இகரமும் கன்னடத்தில் எகரமும் நிற்பது அறியப்பட்ட ஒலிவிதி. 'பெணெ' என்னும் பழைய வடிவின் முதல் பகரம் இடைக்காலக் கன்னடத்தில் ஹகரமாகியது. எனவே பெங்களூரில் 'ஹெணிகெ' எனக் கேட்கும் தமிழர், தம் மொழியில் பிணைத்தல், பிணையல் என வேறு பொருளில் எஞ்சியுள்ள சொல்லையே கேட்கின்றனர். அண்டை மொழிகள் இரண்டும் ஒரு புதிய தொழிலுக்குப் பெயரிடும்போது தத்தம் பழைய வினைகளையே விரித்துக்கொண்டன. ஆனால் வெவ்வேறு வினைகளை விரித்துக்கொண்டன.

3. நாகர்கோவிலும் இடையன்குடியும்

தென்தமிழ்ப் பகுதியில் ஐரோப்பியப் பின்னற்கலைகளுள் முதலில் வேரூன்றியது லேஸ் எனப்படும் நூற்சரிகை. இலண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டின் துணைவியார் மார்த்தா மால்ட் 1821இல் நாகர்கோவிலில் பெண்களுக்கு இதனைக் கற்பித்தார். அன்று திருவிதாங்கூர் அரசின் கீழிருந்த அப்பகுதியில் அடிமை முறை சட்டப்படி நிலவியது. அது ஒழிக்கப்பட்டது 1855இல்தான். லேஸ் பின்னி ஈட்டிய கூலியைக் கொண்டு பெண்கள் சிலர் தம் விடுதலையை விலைகொடுத்துப் பெற்றனர் என மிஷன் வரலாறுகள் கூறுகின்றன. பின்னலின் வரலாறு இங்கு ஓய்வுநேரக் கலையின் வரலாறாக நின்றுவிடுவதில்லை.

மால்ட் தம்பதியரின் மகள் எலைசா 1844இல் இராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்கு வந்தார். தாயிடம் கற்ற லேஸ் தொழிலை அவ்வூர்ப் பெண்களிடையே பரப்பினார். கால்டுவெல்லின் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வெளிவந்தது 1856இல். திராவிட ஒப்பியலின் அடிப்படை நூல் உருவான அதே ஊரில், அதே ஆண்டுகளில், தமிழ்ப் பெண்கள் ஒரு புதிய தொழிலுக்குத் தம் பேச்சிலிருந்து சொற்களைத் தேடிக்கொண்டிருந்தனர். ஒப்பிலக்கணத்தின் நோக்கம் வேறு. அச்சொற்களை அதில் எதிர்பார்ப்பது முறையன்று. மிஷன் அறிக்கைகளோ ஆங்கிலத்தில், நன்கொடையாளர்களை முன்னிட்டு எழுதப்பட்டவை. எத்தனை பெண்கள் பயின்றனர், எவ்வளவு ஈட்டினர் என்பன அவற்றில் இடம்பெறுவதற்குரிய செய்திகள். பயின்றோர் ஒருவருக்கொருவர் என்ன சொல்லிக்கொண்டனர் என்பது அவற்றின் அக்கறைக்கு அப்பாற்பட்டது.

இவ்விடத்தில் ஒரு தொழில்நுட்பச் செய்தி கருதத்தக்கது. இடையன்குடியில் பரவியது திண்டு லேஸ். திண்டின்மேல் துளையிட்ட தாளை விரித்து, துளைகளில் குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிக் கடத்தி இதனைப் பின்னுவர். இங்கு மாதிரி என்பது துளையிட்ட தாளே. அதைப் படிக்க எழுத்தறிவு தேவையில்லை, ஆங்கிலமும் தேவையில்லை. ஊசிப்பின்னலின் மாதிரியோ சொற்களால் ஆனது. 1840இல் எடின்பரோவில் ஜேன் காகேன் வெளியிட்ட நூலும், 1843இல் வெளிவந்த மிஸ் லாம்பெர்ட்டின் நூலும் பின்னல் முறைகளை அச்சேற்றிய தொடக்க நூல்களுள் அடங்கும். இத்தகைய நூல்களில் ஒவ்வொரு வரிசையிலும் செய்ய வேண்டியவை எழுத்துச் சுருக்கங்களாலும் எண்களாலும் வரிக்கு வரி எழுதப்பட்டன. அச்சுருக்கங்கள் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள். எழுத்தறிவு பெறாத பெண்களிடம் லேஸ் விரைந்து பரவியதற்கும், ஊசிப்பின்னலின் மாதிரிப் புத்தகம் கான்வென்ட் படிப்புப் பெற்றோரிடமே நின்றதற்கும் இவ்வேறுபாடு ஒரு காரணம் எனக் கருத இடமுண்டு.

4. பெங்களூர்

கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள பெங்களூரில் ஆங்கிலேயர் 1809இல் படைக் குடியிருப்பை நிறுவினர். மதராஸ் படைகளோடும் அவற்றைச் சார்ந்தும் தமிழ் பேசுவோர் பெருந்தொகையினராக அங்குக் குடியேறினர். 1834இல் மதராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவும் அங்கு நிலைகொண்டது. அலசூர், பின்னாளில் சிவாஜி நகர் எனப் பெயர்பெற்ற பிளாக்பள்ளி, பிரேசர் டவுன், காக்ஸ் டவுன் முதலிய பகுதிகளில் தமிழ் அன்றாட மொழியாயிற்று. 1840களில் இலண்டன் மிஷனைச் சேர்ந்த ரைஸ், சீவல் ஆகியோரின் துணைவியர் பெண்களுக்குப் பள்ளி தொடங்கினர். 1854இல் குட் ஷெப்பர்ட் சபைக் கன்னியர் வந்து கான்வென்ட் அமைத்தனர். அக்கால மிஷன் பெண் பள்ளிகள் பொதுவாக ஊசிவேலையைப் பாடத்தின் ஒரு பகுதியாகவே கொண்டிருந்தன.

1884இல் தொடங்கிய பெங்களூர் உல்லன், காட்டன் அண்டு சில்க் மில்ஸ் பின்னி நிறுவனத்தாரின் ஆளுகையில் கம்பளித் துணியும் போர்வையும் நெய்தது. ஆங்கிலேயக் குடும்பப் பெயரான அதன் பெயரும், 'பின்னு' என்பதன் எச்ச வடிவமும் தமிழ் எழுத்தில் வேறுபாடின்றி 'பின்னி' என்றே எழுதப்படுகின்றன. பேச்சில் முன்னதன் முதலொலி அதிர்வொலி. அந்த ஆலை நெய்தது; பின்னவில்லை. பெயரை வைத்துத் தொழிலைக் கணிக்கும் மக்கள் சொற்பிறப்பியலுக்கு இஃது ஒரு நல்ல எச்சரிக்கை. கர்நாடகத்தின் பழைய கம்பளித் தொழிலும் நெசவே. செள்ளக்கெரெ முதலிய இடங்களில் குறும்பர் சமூகத்தார் ஆட்டு மயிரில் கம்பளி நெய்து வந்துள்ளனர். ஊசிப்பின்னல் இந்த மரபின் தொடர்ச்சியாக வளரவில்லை. படைக் குடியிருப்பு, பள்ளி, அச்சிட்ட நூல் ஆகிய மூன்றின் வழியாக வந்தது.

ஆகவே பெங்களூர்த் தமிழில் இத்தொழிற்சொற்கள் இருமொழிக் கலவையாக அமைந்தன. நூல் 'உல்லன்', செய்யும் வினை தமிழ்ப் 'பின்னு', கண்ணி வகைகள் 'பிளெயின்', 'பர்ல்'. கடன் சொற்கள் பெயர்களாகவும் தமிழ்ச்சொல் வினையாகவும் நிற்கும் இப்பங்கீடு, தொடர்புமொழிச் சூழலில் பெரிதும் காணப்படுவதே. வினையைத் தமிழ் விட்டுக்கொடுக்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. 'ஸ்வெட்டர் பின்னுகிறாள்' என்பதே எங்கும் வழக்கு.

5. பொருட்பெயர்கள்

பின்னப்படும் பொருள்களின் பெயர்கள் வேறொரு வரலாற்றைக் காட்டுகின்றன. சால்வை என்பதன் அடி பாரசீகச் 'சால்'. கன்னடம் அதனைச் 'சாலு' என ஏற்றது. காசுமீரச் சால்வை தறியில் நெய்யப்பட்டது. எனவே 'பின்னிய சால்வை' என்னும் தொடரில் பெயர் ஒரு தொழிலிலிருந்தும் அடை மற்றொரு தொழிலிலிருந்தும் வருகின்றன. குல்லா பாரசீகக் 'குலாஹ்'. காலுறை தமிழாக்கம்; கன்னடக் 'காலுசீல' என்பதன் நேர்ப்பொருள் கால்பை. தெலுங்கில் வழங்குவது மேஜோள்ளு. இலங்கைத் தமிழின் 'மேசு', சிங்கள 'மேஸ்' ஆகியவை போர்த்துக்கீசிய 'மெய்யஸ்' என்பதிலிருந்து வந்தவை. இலங்கைத் தமிழில் லேசைக் குறிக்கும் 'ரேந்தை' போர்த்துக்கீசிய 'ரெந்தா'. காலிக் கடற்கரைச் சிங்களப் பெண்கள் பின்னும் 'பீரலு' லேசின் பெயரும் நூற்கட்டையைக் குறிக்கும் போர்த்துக்கீசிய 'பில்ரோ'வே. தமிழகத்தில் ஆங்கில 'லேஸ்' நிலைக்க, இலங்கையில் போர்த்துக்கீசியச் சொல் நிலைத்தது. எந்த ஐரோப்பியரிடமிருந்து எங்குக் கற்றனர் என்பதற்கு இச்சொற்களே சான்று.

ஆங்கிலப் பின்னல் நூல்களில் போர்க்களப் பெயர்கள் மிகுதி. கார்டிகன், ராக்லன் ஆகியவை கிரிமியப் போரில் பங்குகொண்ட பிரபுக்களின் பெயர்கள். தலையையும் கழுத்தையும் மூடி முகம் மட்டும் தெரியும் குல்லாவுக்கு, 1854இல் போர் நிகழ்ந்த பாலக்லாவா ஊரின் பெயர் பின்னர் வழங்கலாயிற்று. காலுறையின் விரல் நுனியைத் தையல் தெரியாமல் மூடும் முறை, 1902 முதல் 1909 வரை இந்தியப் படைத்தலைவராக இருந்த கிச்சனரின் பெயரால் வழங்குகிறது. தமிழ்ப் பேச்சு இப்பெயர்களுள் கடைசி இரண்டைப் பொருட்படுத்தவில்லை. பாலக்லாவா பெங்களூரிலும் சென்னையிலும் 'மங்கி குல்லா' ஆயிற்று. வரலாற்றுப் பெயரைக் கைவிட்டுத் தோற்றத்தைப் பெயராக்கிய இம்மொழிபெயர்ப்பைச் செய்தவர் எவரென அறிய இயலாது. எனினும் இது வெற்றி பெற்ற மொழிபெயர்ப்பு.

6. மாதிரியை மொழிபெயர்த்தல்

பின்னல் மாதிரியைத் தமிழாக்க முற்படுவோர் முதலில் எதிர்கொள்வது 'ஸ்டிச்' என்னும் சொல். ஆங்கிலம் இதனைத் தையலிலிருந்து எடுத்துப் பின்னலுக்கும் வழங்கியது. அதன் வேர்ப்பொருள் குத்துதல். இதனைத் 'தையல்' எனப் பெயர்த்தால் பொருள் திரியும். ஊசிப்பின்னலில் எதுவும் குத்தப்படுவதில்லை. பிறமொழிகள் வேறு வழியைக் காட்டுகின்றன. பிரெஞ்சு 'மாய்', ஜெர்மன் 'மாஷெ' ஆகிய இரண்டும் வலைக்கண்ணையும் பின்னல் வளையத்தையும் குறிப்பவை. இந்தியில் பின்னுவோர் வழங்கும் 'ஃபந்தா' என்பதன் முதற்பொருள் சுருக்கு, பொறி. தமிழில் இவ்விரு பொருளையும் தாங்கி நிற்கும் சொல் 'கண்ணி': பறவை பிடிக்கும் சுருக்கும் கண்ணி, மாலையில் கோத்த தொடரும் கண்ணி. வலையின் துளையும் 'கண்' என்றே வழங்கும். பின்னலின் அடிப்படை அலகைக் கண்ணி எனக் குறிப்பது புத்தாக்கம் ஆகாது. இருக்கும் சொல்லின் பொருட்பரப்பைச் சிறிது விரிப்பதே ஆகும்.

இரண்டாவது இடர்ப்பாடு கண்ணியின் இரு வகை. இவை உண்மையில் ஒரே கண்ணியின் முகமும் முதுகும். துணியைத் திருப்பிப் பார்த்தால் ஒன்று மற்றொன்றாகும். இந்தியில் இவை 'ஸீதா', 'உல்டா'. தமிழில் முன், பின் எனப் பிரித்தால் 'பின் பின்னல்' என்னும் ஒலிமயக்கம் நேரும். நேர், எதிர் என்னும் இணை இதற்குப் பொருந்தும். நேர்க்கண்ணி, எதிர்க்கண்ணி எனலாம். முதலெழுத்துகளான 'நே', 'எ' ஆகியவை வடிவிலும் ஒன்றோடொன்று மயங்கா. ஆங்கில மாதிரிகளில் துணியின் உட்புறம் 'தவறான பக்கம்' என்னும் பொருள்படும் தொடரால் குறிக்கப்படுகிறது. அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் பின்னுபவர் தாம் பிழை செய்ததாகவே எண்ணுவார். மேற்பக்கம், உட்பக்கம் என்பன போதும். நூலை இழுத்துப் பிடிக்கும் அளவைக் குறிக்கும் 'டென்ஷன்' என்பதற்குப் பேச்சுவழக்கிலேயே 'இறுக்கம்' உண்டு.

மூன்றாவது இடர்ப்பாடு தொடரமைப்பு. ஆங்கில மாதிரியில் வினை முதலிலும் எண் அடுத்தும் வரும். படித்த கணமே கை இயங்கத் தொடங்கலாம். தமிழ்த் தொடரில் வினை இறுதியில் நிற்பதால், 'இரண்டு கண்ணிகளை' எனப் படித்தபின் என்ன செய்வது என்று அறிய முற்றுவினை வரை காத்திருக்க வேண்டும். சமையற்குறிப்புகளில் நிலைபெற்ற '-வும்' ஈற்று ஏவல் இங்கும் பொருந்தும். ஆயின் ஒரு வரிசையில் இருபது ஏவல்கள் அடுக்கி வந்தால் படிக்க இயலாது. குறியும் எண்ணும் கொண்ட பெயரடுக்கே தீர்வு. 48 கண்ணிகளில் தொடங்கும் காலுறையின் மேல்விளிம்பை 'நே 2, எ 2. வரிசை முடியும் வரை' என எழுதினால், நான்கு கண்ணிக் கூறு பன்னிரு முறை திரும்பி வந்து மிச்சமின்றி முடியும். விளிம்பு கடந்து குதிகாலுக்கு வரும்போது மட்டும் முழுத்தொடர் தேவைப்படும்: 'கடைசிப் பத்துக் கண்ணிகள் எஞ்சும் வரை நேராகப் பின்னித் திரும்பவும்.' எஞ்சும் அளவு முதலில் வருவதால் இவ்விடத்தில் தமிழ்த் தொடரமைப்பு பின்னுபவருக்குத் துணையே செய்கிறது. எந்த இடத்தில் குறி, எந்த இடத்தில் தொடர் என்று தீர்மானிப்பதே இவ்வகை மொழிபெயர்ப்பின் மையத் திறன்.

நான்காவது வழி, சொல்லையே தவிர்ப்பது. கட்டங்களில் குறிகளை இட்டு வரையும் வரைபட மாதிரி இன்று பல நாடுகளில் பரவியுள்ளது. ஜப்பானில் இக்குறிகள் தேசியத் தரமாகவே வகுக்கப்பட்டுள்ளன. ஒருவகையில் இது இடையன்குடியின் துளையிட்ட தாளுக்குத் திரும்புவதாகும். ஆயினும் ஒவ்வொரு வரைபடத்துக்கும் குறிவிளக்கம் ஒன்று தேவை. அவ்விளக்கம் ஏதேனும் ஒரு மொழியில்தான் எழுதப்பட வேண்டும்.

7. திருப்பூரின் சொற்கள்

எந்திரப் பின்னலின் வரலாறு, 1589இல் இங்கிலாந்தின் வில்லியம் லீ உருவாக்கிய காலுறைப் பின்னற் சட்டத்திலிருந்து தொடங்குகிறது. காலுறையைக் குறித்த ஆங்கிலச் சொல்லின் அடியாகப் பிறந்த 'ஹோசியரி', இந்தியாவில் பின்னிய உள்ளாடை அனைத்துக்கும் பெயராயிற்று. காலில் தொடங்கிய சொல் மார்புக்கு ஏறியது. இருபதாம் நூற்றாண்டில் திருப்பூர் இத்தொழிலின் தலைமையிடமாக வளர்ந்தபோது, குஜராத்தி வணிகரைக் குறித்த சொல் போர்த்துக்கீசியர் வாயிலாகத் திரிந்து அமைந்த 'பனியன்', ஊரின் அடையாளமே ஆயிற்று. பொத்தான் துளையைக் குறிக்கும் 'காஜா'வும் போர்த்துக்கீசிய 'காசா'வின் வழிவந்தது.

இக்கடன் சொற்களுக்கு நடுவே 'பின்னலாடை' என்னும் தமிழ்த்தொகை நிலைபெற்றது. நாளிதழ், வணிகச் சங்கம், அரசு ஆணை என எங்கும் அது இன்று வழக்கில் உள்ளது. தொழிலுக்குப் பொருளாதார வலிமை வந்தபோது, எழுத்துத் தமிழில் அதற்குப் பெயரும் வந்தது. கைப்பின்னல் அவ்வலிமையைப் பெறவில்லை. நரசாப்பூர் லேஸ் பின்னும் பெண்களைப் பற்றி மரியா மீஸ் 1982இல் வெளியிட்ட ஆய்வு, உலகச் சந்தைக்கு உழைத்த அப்பெண்கள் இல்லத்தரசிகளாகவும் அவர்தம் உழைப்பு ஓய்வுநேரப் பொழுதுபோக்காகவும் கணக்கிடப்பட்டதைக் காட்டியது. உழைப்பெனக் கருதப்படாத ஒன்றின் சொற்கள் கலைச்சொற்கள் எனவும் கருதப்படுவதில்லை. பெங்களூரில் குளிர்காலந்தோறும் திபெத்திய வணிகர்கள் லூதியானாவிலிருந்து கொணர்ந்து விற்கும் ஸ்வெட்டர்கள் மலிவாகக் கிடைப்பதால், வீட்டுப்பின்னலின் தேவையும் குறைந்துவிட்டது. பாட்டியிடமிருந்து பேத்திக்குப் பேச்சில் மட்டும் கைமாறிய சொற்களுக்கு, அந்தச் சங்கிலி அறுந்தால் வேறு இருப்பிடம் இல்லை.

8. முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. ஒன்று, கைப்பின்னல் தமிழருக்குக் கை வழியாக வந்தது; அதன் மாதிரி ஆங்கிலத்திலேயே நின்றது. கண்ட மாதிரியைப் பார்த்துப் பின்னியவர் பலர். எழுதிய மாதிரியைப் படித்து மாற்றியமைக்கும் வாய்ப்போ ஆங்கிலம் அறிந்தவர்க்கே வாய்த்தது. கூலிக்குப் பின்னும் இடங்களில் வடிவத்தின் விலை மாதிரியை வைத்திருப்பவருக்கே சேரும் என்பதால், இது மொழிச் சிக்கல் மட்டுமன்று. இரண்டு, கண்ணி, இறுக்கம், நேர், எதிர் எனத் தேவையான அடிப்படைச் சொற்கள் வலையிலும் மாலையிலும் அன்றாடப் பேச்சிலும் முன்னரே உள்ளன. கலைச்சொல்லாக்கம் அகராதியில் தொடங்காமல் தொழில் செய்வோரிடம் தொடங்குமாயின் பணி எளிதாகும். மூன்று, சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை வெளிவந்த காலத்தில், ஏட்டு வழக்குக்குக் கிடைத்த கவனம் பெண்களின் கைத்தொழில் வழக்குக்கும் கிடைத்திருப்பின், நாகர்கோவிலின் நூறாண்டுப் பேச்சு பதிவாகியிருக்கும். அவ்வாய்ப்பு போய்விட்டது. அலசூரிலும் இடையன்குடியிலும் இன்றும் ஊசியைக் கையிலெடுக்கும் முதியவர்கள் உள்ளவரை, எஞ்சிய சொற்களைப் பதியும் வாய்ப்பு இருக்கிறது. களப்பணியாளர் கையில் ஒலிப்பதிவுக் கருவியோடு பின்னிய காலுறை ஒன்றும் இருத்தல் வேண்டும். அதன் ஒவ்வொரு பகுதியையும் சுட்டிப் 'இதற்கு என்ன சொல்வீர்கள்?' என்று கேட்பதே போதுமான வினாநிரல்.